சோளிங்கர் அம்மாவின் கண்ணீர்

ஜெபா,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டேன். போனில் படித்தால் கண் வலிக்கிறது என்று பஜாரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தேன். கடையில் இருந்த அம்மா தாளை நீட்டும்போது, "இதுவா டீச்சர்? நேத்துகூட ரெண்டு பேரு எடுத்துனு போனாங்க. ஒருத்தரு லேமினேஷன் வேற போட்டுக்னாரு" என்றார். லேமினேஷன்! மதிப்பெண் பட்டியலுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் போடுவதை இந்தக் குப்பைக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது மேசை இழுப்பறையில் காய்ந்து கிடந்தது. இரண்டு தரம் கிறுக்கியதும் எழுதத் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபம் பேனாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் சித்தப்பா முதல் சென்னை அத்தை வரை எல்லாரும் இருக்கும் குடும்பக் குழுவில் நீ அந்தக் கட்டுரையைப் போட்டாய். அதன் கீழே ஒரு குறிப்பும் எழுதினாய்: "ஷீலா, இதப் படி. பாப்பா ஏன் பேசலன்னு இதுல இருக்கு. வேலையப் பத்தி ஒரு முடிவுக்கு வா." மனைவியிடம் சொல்ல வேண்டியதை ஊரைக் கூட்டிச் சொன்னாய். மகனிடம் சொல்ல வேண்டியதை நானும் அப்படியே சொல்கிறேன். ஷீலாவிடம் கேட்டேன், அவளுக்குச் சம்மதம்.

நம்மைத் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாய். உன் மனைவி ஷீலா ஆம்பூரில் என்னோடு இருந்துகொண்டு, ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவுக்குப் போகிறாள். பகலில் குழந்தையை நானும் பக்கத்து வீட்டு நசீமாவும் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. 'ம்மா' என்பாள், 'பா' என்பாள். மற்ற எல்லாவற்றுக்கும் விரலை நீட்டுவாள். இந்த நேரத்தில் கம்பெனியில் ஷீலாவை லைன் சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்று சொல்லி, மாதம் முடிவதற்குள் பதில் கேட்டார்கள். அவள் உனக்குச் சொன்னாள். நீ பதிலாக அனுப்பியது 'தொட்டிலைத் துறந்து தொழிற்சாலைக்கு' என்ற இந்தக் கட்டுரை. தாய் வேலைக்குப் போனால் குழந்தை பேசாது. அந்த மௌனம் குழந்தையின் போராட்டம். தாய் வீடு திரும்பினால் பேச்சும் திரும்பும் என்பது இதன் சாரம். அதைப் படித்த அன்று ஷீலா சாப்பிடாமல் படுத்தாள். காலையில் எழுந்து, "வேலைய வுட்டுடறேன் அத்தே. எம் புள்ள பேசினா போதும்" என்றாள். கொஞ்ச நாள் பொறு, முதலில் அந்தாள் என்ன சொல்கிறான் என்று நான் பார்க்கிறேன் என்றேன். அன்று தொடங்கிய கடிதம் இது. நடுநடுவே நிறுத்தி, பல நாட்களில் எழுதியிருக்கிறேன். ஏன் நிறுத்தினேன் என்பதும் இதிலேயே இருக்கிறது.

கட்டுரையின் தொடக்கத்தைப் பார். 'அன்று ஒரு தாய் என் முன்னால் வந்து அமர்ந்தாள். அவள் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.' ஜெபா, இவளை உனக்கு அடையாளம் தெரியவில்லையா? நம்முடைய சோளிங்கர் அம்மா! நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வேலூர் பேச்சுப் போட்டிக்காக, 'கைப்பேசி: வரமா, சாபமா?' என்ற தலைப்புக்கு நாம் இரண்டு பேரும் அடுப்படியில் நின்றுகொண்டு உண்டாக்கினோமே, அவள்தான். சோளிங்கர் மலையடிவாரத்தில் பூ விற்கும் ஏழைத் தாய். மகன் கைப்பேசியில் மூழ்கிக் கெட்டுப்போனான். அவள் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நீ மூச்சை நிறுத்தினாய். நடுவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு உனக்கு. அடுத்த மாதம் வாணியம்பாடியில் அதே தலைப்பு. சீட்டு எடுத்ததில் உனக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. காத்திருந்த நேரத்திலேயே பேச்சை மாற்றினோம். அதே அம்மா, அதே பூக்கூடை, அதே கண்ணீர். இந்த முறை தூரதேசத்தில் இருக்கும் மகனின் குரலைக் கைப்பேசியில் கேட்டு அழுதாள். அங்கேயும் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய், "யம்மா, அந்தம்மா எந்தப் பக்கம்தான்?" "பரிசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணீரில் தொடங்கு, கேள்வி கேள், யாரும் பதில் யோசிக்கும் முன் அடுத்ததற்குப் போ, கைதட்டல் வரும் இடத்தில் முடி. மேடையில் அது ஒரு விளையாட்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெரியும். இந்த மனிதர் அதே விளையாட்டை மேடையிலிருந்து இறக்கி, ஒருத்தியின் வீட்டுக்குள் கொண்டுவந்து, உன் வேலையை விடு என்கிறார். சிறுவனாக இருந்த நீ அவரைவிட நேர்த்தியாகச் செய்தாய். நீயாவது சோளிங்கர் என்று ஒரு ஊர் வைத்தாய், கையில் பூக்கூடை கொடுத்தாய். இவருடைய தாய்க்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, அவள் குழந்தைக்கு வயதுகூட இல்லை. அவள் அழுதாள் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அழுகிறவளைப் பார்த்ததும் நம் மனம் இளகிவிடுகிறது; இளகிய மனம் அடுத்த வரியைக் கேள்வி கேட்பதில்லை. அதற்காகத்தான் அவளை வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறார்.

அடுத்த வரி, 'ஆய்வுகள் சொல்கின்றன.' எந்த ஆய்வு? யார் செய்தது? எந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்தார்கள்? வீட்டிலேயே இருக்கும் தாய்மாரின் பிள்ளைகளையும் பார்த்தார்களா? ஒரு சொல் இல்லை. என் வகுப்பில் ஒரு பெண் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, "இன்னிக்கு நோட்டு பாக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க மிஸ்" என்பாள். "எல்லாரும்னா யாரு?" என்பேன். "எல்லாரும்தான் மிஸ்." "ஒரு பேரு சொல்லு." தரையைப் பார்ப்பாள். அந்தப் பெண்ணுக்காவது தரையைப் பார்க்கும் வெட்கம் இருந்தது. இவர் நேராக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். நீயும் போனில் என்னிடம், "நான் சொல்லலம்மா, ஆய்வு சொல்லுது" என்றாய். ஆய்வு எதையும் தானாக வந்து சொல்வதில்லை, ஜெபா. யாரோ ஒருவர் சொல்கிறார். அந்த ஒருவர் யாரென்று கேட்டாலே பாதிக் கட்டுரைகள் வாயை மூடிக்கொள்ளும்.

பிறகு முன்னோரை இழுக்கிறார். 'நம் முன்னோர் ஒரு கணமும் குழந்தையைப் பிரிந்ததில்லை.' யாருடைய முன்னோர்? கணியம்பாடியில் என் அம்மா நாற்று நட இறங்கும்போது என்னைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டுப் போவாள். காவலுக்கு என் அக்கா, அவளே ஒரு சிறு குழந்தை. இந்தப் பக்கம் பீடி சுற்றியவர்களும் தீப்பெட்டி ஒட்டியவர்களும் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றவர்களும் யாருக்கு முன்னோர்? வேலை செய்த பெண் ஒருத்தியும் இவருடைய பரம்பரையில் இல்லை போலும். ராஜா ராணிக் கதையில் வரும் ராணிகளே இவருக்குப் பாட்டிமாராக இருந்திருக்க வேண்டும். இல்லாத ஒரு பொற்காலத்தை உண்டாக்கி, அதிலிருந்து நாம் வழுக்கி விழுந்துவிட்டோம் என்று சொல்லி, தூக்கிவிடக் கையையும் நீட்டுகிறார்.

அவருடைய சொற்களையும் கவனி. தாய் குழந்தையை 'விட்டுப் போகிறாள்' என்று அவர் எழுதவில்லை. 'தவிக்கவிட்டுப் போகிறாள்' என்று எழுதுகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்பவளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'கூலிக்கு அணைப்பவள்.' அந்த இடத்தை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது நசீமா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, யாரு கூலிக்கு அணைக்கறது?"

"உன்னத்தான் சொல்றாரு."

"என்னியா? அப்போ எனக்குப் பாக்கி ஜாஸ்தி வரணுமே! இது எம் மேல எத்தினி வாட்டி வாந்தி எடுத்துக்குது, அதுக்கு இன்னா ரேட்டு போட்டுக்றாரு அந்தாளு? கேட்டு வாங்கிக் குடுங்க."

சிரித்துவிட்டுத்தான் போனாள். ஆனாலும் வாசலில் நின்று, "நெஜமாவே அப்டி எழுதிக்றாரா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். நீ இருக்கும் ஊரிலிருந்து பார்த்தால் அந்த முகம் உனக்குத் தெரிந்திருக்காது. உனக்கு ஒரு எளிய வேலை சொல்கிறேன். 'தவிக்கவிட்டு' என்பதை அடித்துவிட்டு, 'நசீமாவிடம் கொடுத்துவிட்டு' என்று எழுது. மீண்டும் படி. வாக்கியம் செத்துக் கிடக்கும். ஒரு சொல்லை எடுத்ததும் ஒரு வாதம் செத்துப்போகிறது என்றால், அதன் உயிர் அந்தச் சொல்லில் மட்டும்தான் இருந்திருக்கிறது, உண்மையில் இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஒரே ஒரு வரியில்தான் பேனா தாளைக் கிழித்துவிட்டது. 'தாய் கிளம்பும்போது குழந்தை அழுதால் அது ஏக்கம். அழாமல் இருந்தால் ஏக்கம் முற்றிவிட்டது என்று அறிக.' சரி ஐயா, சிரித்தால்? அதை எழுதவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு நோய் வைத்திருப்பார். குழந்தை எதைச் செய்தாலும் இவர் சொன்னதே சரியாகிவிடுகிறது. சரியாக எழுதினாலும் தப்பாக எழுதினாலும் நீ தோல்வி என்று முன்பே முடிவு செய்துவிட்ட ஆசிரியர் நடத்துவது தேர்வா? உன்னை நம்பவைக்க வருகிற யாரிடமும் ஒன்று கேள்: என்ன நடந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? பதில் இல்லாதவரோடு பேசிப் பயனில்லை. இதே மூச்சில் 'சம்பளமா, குழந்தையா? நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்றும் கேட்கிறார். இரண்டே கதவுகள் உள்ள வீட்டை அவரே கட்டிவிட்டு, எந்தக் கதவு என்று நம்மைக் கேட்கிறார். ஷீலா சம்பளத்தோடும் குழந்தையோடும் தினமும் சாயங்காலம் மூன்றாவது கதவு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

இதற்குப் பிறகு கட்டுரையாளரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். மூலையில் அவருடைய படம் இருக்கிறது: நம் ஊர் வெயிலில் கோட்டு, கன்னத்தில் ஒரு விரல், கீழே அவர் நடத்தும் தாய்மைப் பயிற்சி வகுப்புக்கு விளம்பரம். ஒரு நாளாவது ஒரு குழந்தைக்குக் கால் கழுவி விட்டிருப்பாரா என்று தொடங்கி, நானே ரசிக்கும்படி எழுதியிருந்தேன். வேலை முடிந்து வந்த ஷீலா டீ குடித்துக்கொண்டே அதைப் படித்தாள். சிரித்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சூப்பரா இருக்குது அத்தே. ஆனா ஒண்ணு கேக்கட்டா? அவரு கோட்டு போட்டுக்கினா அவரு சொன்னது பொய்யாய்டுமா?"

"வகுப்பு விக்கறதுக்குத்தாம்மா எழுதறான்."

"விக்கட்டுமே. எங்க கம்பெனிகூட ஷூ விக்கத்தான் விளம்பரம் போடுது. ஷூ நல்லாத்தானே இருக்குது? நீங்க ஆள மட்டும் அடிச்சிக்கினே போறீங்க. பாப்பா ஏன் பேசலன்னு அவரு ஒண்ணு சொல்லிட்டாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

எழுதியவன் ஆதாயம் பார்க்கிறான் என்றால் எழுதியதை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதுதான் சரி. எழுதியது பொய் என்று அதனாலேயே ஆகிவிடாது. ஆளைக் கேலி செய்தால் கைதட்டல் கிடைக்கும், கேள்வி அப்படியே இருக்கும். ஆளை விட்டுவிட்டுக் கருத்தை அடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவர் போட்டிருக்கும் கோட்டை மட்டும் ஆசைக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

நீ தோல் வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு துண்டுத் தோல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "எது நல்லதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றாய். பளபளவென்று, ஒரு புள்ளியில்லாமல் இருந்ததை எடுத்தேன். "டீச்சர் ஃபெயில்" என்று சிரித்தாய். "மொகத்த பாத்து ஏமாறாதம்மா. திருப்பு." திருப்பினால் கத்தி இறங்கிய வெட்டும், புழு துளைத்த தடமும் இருந்தன. முகத்தைத் தேய்த்து, வண்ணம் ஏற்றி, தோலின் இயற்கையான வரி போலவே ஒரு அச்சையும் அழுத்திவிடுவார்கள் என்று சொன்னாய். இன்றைக்கும் நம் ஊர்க்காரர்கள் செருப்பு வாங்கினாலும் பை வாங்கினாலும் முதலில் திருப்பித்தானே பார்க்கிறோம்? கல்யாண வீட்டில் பரிசாக வந்த கைப்பையைத் திருப்பிப் பார்த்து உன் மாமனார் வீட்டில் நீ திட்டு வாங்கினாயே. அப்பேர்ப்பட்ட நீ, இந்தக் கட்டுரையை முகத்தைப் பார்த்தே பாஸ் செய்துவிட்டாய்.

கட்டுரைக்கும் பின்பக்கம் உண்டு. அது எதைச் சொல்லாமல் விட்டதோ அதுதான் பின்பக்கம். இந்தக் கட்டுரையில் இல்லாத கேள்வி ஒன்றுதான்: குழந்தை பேசாததற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்? எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று உனக்குக் காட்டுவதற்காக, தோன்றியதை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். நீயே மூன்று வயது வரை பேசவில்லை. அப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை; பகல் முழுவதும் உன் கூடவே இருந்தேன். இவர் கணக்குப் போடும் முறைப்படி, நான் வீட்டில் இருந்ததால்தான் உனக்குப் பேச்சு வரவில்லை. அப்படி நான் வாதாட மாட்டேன். ஒரு குழந்தையை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுதுவது இவருடைய வேலை. ஆனால் அப்பனைப் போல மகளும் தாமதமாகப் பேசலாம் என்று எழுதிக்கொண்டேன். இங்கே தமிழும் நசீமா வீட்டில் உருதும் கேட்பதால் குழம்புகிறாளோ என்று எழுதினேன். சோறு ஊட்ட நாம் காட்டும் போன் என்று எழுதினேன். அடுத்து 'காது' என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குழந்தை திரும்பாது. அது உங்கள் மேல் கோபமாக இருக்கிறது' என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. முதல் தடவை படித்தபோது அந்த வரிக்கு மட்டும் நானும் தலையாட்டியிருந்தேன். பாப்பா அப்படித்தானே? மெதுவாகக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், கத்தினால் திரும்புவாள். பிடிவாதம், அம்மா மேல் கோபம், அப்பனுடைய குணம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அலமாரியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். பாப்பா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, துணிக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நின்று பாக்கெட்டைக் கசக்கினேன். திரும்பவில்லை. மறுபடி கசக்கினேன். ஜன்னலில் நசீமாவின் ஆடு தலையை நீட்டியது. பிஸ்கட் என்றால் பாப்பாவுக்கு உயிர். ஆட்டுக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஆட்டின் நிழல் கிளிப்பின் மேல் விழுந்த பிறகுதான் தலையைத் தூக்கித் திரும்பினாள். என்னையும் பாக்கெட்டையும் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து கை நீட்டினாள். ஜெபா, அந்த முகத்தில் யார் மேலும் கோபம் இல்லை.

மறுநாளே வேலூருக்குப் போனோம். ஷீலா விடுப்பு எடுத்தாள். நசீமாவும் கூட வந்தாள். பாப்பாவின் காதில் சின்னக் கருவியை வைத்துப் பார்த்த டாக்டர் இளம்பெண். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது என்றார். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு வருவதுண்டாம். நாம் சாதாரணமாகப் பேசுவது அவளுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும் என்றார். சில மாதங்களாகவே இருந்திருக்கலாம், சிறிய அறுவை செய்து பொடிக் குழாய் ஒன்றை வைத்தால் நீர் வடிந்துவிடும் என்றும் சொன்னார். உருதும் தமிழும் கேட்டால் ஒன்றும் ஆகாது, தாராளமாகப் பேசுங்கள் என்று நசீமாவைப் பார்த்தும் சொன்னார்.

ஷீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் வேலைக்குப் போறதால வந்துச்சா டாக்டர்?" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நீங்க வேலைக்குப் போறதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? யாரு சொன்னா?"

ஷீலா யார் சொன்னது என்று சொல்லவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினாள்.

"அப்போ இது சரியாச்சின்னா பேசிடுமா?" என்று நான் கேட்டேன். "பேச்சு தாமதத்துக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். சரி பண்ணிட்டுப் பார்ப்போம், தேவைப்பட்டா பேச்சுப் பயிற்சியும் கொடுக்கலாம்" என்றார். காதுக்குள் பார்த்தவர் 'இருக்கலாம்' என்றார். குழந்தையைக் கண்ணாலும் பார்க்காதவர் 'அறிக' என்றார். இந்த இரண்டு சொற்களை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடிதத்தின் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கம்பெனிச் சங்கு நினைவுக்கு வந்தது. தெருவில் கைக்குழந்தை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் காலைச் சங்கைச் சபிப்பார்கள். தூரத்தில் ஊதினாலும் பிள்ளைகள் எழுந்து வீறிடும். நான் மட்டும் வாசலில் நின்று, "எங்க பாப்பா சங்குக்கெல்லாம் அசையாது, தங்கம்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நசீமா அதைக் கேட்டுத் திருஷ்டிகூடக் கழித்தாள். காரணம் தினமும் காலையில் ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதிக்கொண்டிருந்தது. நான் அதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரையை என்னால் மன்னிக்க முடியவில்லை. மோசமாக எழுதியிருக்கிறார் என்பதற்காக அல்ல. மோசமான கட்டுரைகளைத் திருத்தியே என் கண் போயிற்று. நாம் எல்லாரும் ஷீலாவின் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் பாப்பாவின் காதைப் பார்க்கவில்லை. அவள் அன்றைக்கே வேலையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசி. வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கொஞ்சியிருப்பாள். குழந்தைக்குக் கேட்டிருக்காது. 'ஏக்கம் முற்றிவிட்டது' என்று அந்தக் கட்டுரையே அதற்கும் விளக்கம் சொல்லியிருக்கும்.

விஷயத்தை ஷீலா போனில் சொன்னபோது நீ அழுதாய் என்றாள். அப்புறம் என்னிடம், "அந்தக் கட்டுரைய டெலீட் பண்ணிட்டேன்மா" என்றாய். எதற்கு அழித்தாய்? உன் போனில் அழித்தால் லேமினேஷன் போட்டவர் வீட்டுச் சுவரிலிருந்து விழுந்துவிடுமா? அதை நீ எந்தக் குழுவில் போட்டாயோ அதே குழுவில் போய், நம் வீட்டில் நடந்ததை எழுது. உன் சித்தப்பா அதை யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அந்த வீடுகளிலும் ஏதாவது ஒரு குழந்தை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கலாம். உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, மகள் ஏன் பேசவில்லை என்று தெரியாமல் பயந்துபோயிருந்தாய். பயந்தவனுக்கு ஏதாவது ஒரு பதில் கிடைத்தால் போதும். அந்த மனிதர் கடை போட்டிருப்பது அந்தப் பயத்தின் வாசலில்தான். இனி எதையாவது படித்ததும் உனக்கு நெஞ்சு படபடத்தால், அது உண்மை என்பதற்கு அந்தப் படபடப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. தாளைத் திருப்பு.

ஷீலா மாதம் முடிவதற்குள் கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். "அவருக்கு நீங்களே எழுதிடுங்க அத்தே" என்றாள், எழுதிவிட்டேன். பாப்பாவுக்குக் குழாய் வைத்ததை நீ வீடியோவில் பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை.

இன்று காலை சங்கு ஊதியது. பாப்பா தூக்கத்தில் துள்ளி எழுந்தாள். நாலாபக்கமும் பார்த்தாள். வாயைக் கோணிக்கொண்டு ஒரு கணம் மூச்சில்லாமல் இருந்துவிட்டு, வீறிட்டாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷீலா ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நசீமா, "அழுவுதா? டீச்சரம்மா, சங்குக்கா அழுவுது?" என்று கத்திக்கொண்டே வந்துவிட்டாள். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பாப்பா அதற்கும் திரும்பினாள், ஜன்னலைக் காட்டினாள், முன்னிலும் உரக்க அழுதாள். "போம்மா, பஸ்ஸு நிக்காது" என்று ஷீலாவைத் தள்ளினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே ஏறினாள்.

தாய் வேலைக்குக் கிளம்புகிறாள்; குழந்தை பின்னால் கதறுகிறது; தாயின் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்காரர் நம் தெருவில் நின்றிருந்தால் அடுத்த கட்டுரைக்கு முதல் வரி கிடைத்திருக்கும். வீட்டுக்குள் நானும் நசீமாவும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அம்மா